நாற்பத்திரண்டு டம்ளர்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், பினாயில் பாட்டிலுக்குப் பின்னால், பேப்பர் கப் பாக்கெட் ஒன்று இருந்தது. 50 கப் கொண்டது. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. அப்போது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது. எட்டு மாதம் ஆகிவிட்டது. யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே புரட்டிக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம். சிறிய ஜவுளிக் கடைகளுக்கு இருப்புக் கணக்கும் பில்லும் போடும் மென்பொருள் செய்கிறோம். என்னையும் சேர்த்து 14 பேர். ஆரம்பித்த முதல் வருடம் எதிர்க் கடையிலிருந்து பிளாஸ்க்கில் டீ வரும், கூடவே பேப்பர் கப்பும் வரும். சாயங்காலம் குப்பைக்கூடை நிறைந்து வழியும். ஒருநாள் விமான நிலையம் போய்விட்டு அவனியாபுரம் வழியாகத் திரும்பினேன். மதுரையின் குப்பை போய்ச் சேரும் வெள்ளக்கல் பக்கமிருந்து நாற்றம் காருக்குள் வந்தது. நம் கூடையும் இங்கேதான் வருகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பேப்பர் கப்புக்குப் பெயரில்தான் பேப்பர். சூடான டீ காகிதத்தில் ஊறிவிடாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூசியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களின் பட்டியலிலேயே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் இருக்கிறது. இருந்தும் கேட்ட கடையில் கிடைக்கிறது. எங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் உருக்கிப் பூசி, பிறகு தார் கலந்து சாலை போடும் முறையைக் கொண்டுவந்தவர். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சாலைக்கும் பிளாஸ்டிக் தனியாகப் பிரிந்து வரவேண்டும். காகிதமும் படலமும் ஒட்டிக்கிடக்கும் எச்சில் கப்பை யார் உட்கார்ந்து பிரிப்பார்கள்? அந்த வாரமே, புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் ஒன்றுக்குப் போய், 24 எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்தேன். கனமான டம்ளர், விளிம்பு மடித்தது. கையில் எடுத்தபோது ஏதோ நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. அந்த நிறைவு பொய்யென்று இப்போதும் நான் சொல்லமாட்டேன்.

பலகையில் ஒரு எண்

டம்ளரோடு நிறுத்தவில்லை. அண்ணா நகர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் சைக்கிளில் வர ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு டிபன் கேரியர் கொடுத்தனுப்பினேன். சூடான சாம்பாரை பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவது எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும். ஏசியை 26-க்குக் கீழே வைக்கக்கூடாது என்று சொன்னேன். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பழைய மடிக்கணினிகளைத் தூக்கிப்போடாமல், சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகம் போட்டு, ரேம் கூட்டி ஓட்டினோம். ஆறு வருடத்துக்கு முந்தைய இயந்திரம் புதிதுபோல எழுந்து உட்கார்ந்தது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு சந்தோஷம்.

டம்ளர் கணக்கை மட்டும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்க வேண்டும் என்று தோன்றியது. 14 பேர், ஆளுக்கு மூன்று வேளை: காலை வந்ததும் ஒன்று, 11 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று. ஒரு நாளைக்கு 42. மாதம் 26 நாள் என்றால் 1,092. வாசலுக்கு நேரே இருக்கும் வெள்ளைப் பலகையில் ‘இதுவரை தவிர்த்த கப்’ என்று எழுதி, மாதக் கடைசியில் 1,092-ஐக் கூட்டிக்கொண்டே வந்தேன். வருகிறவர்கள் அதைப் படம் எடுப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து முதலீடு பேச வந்தவர் பத்து நிமிடம் அதைப் பற்றியே கேட்டார். எண் 20,000-ஐத் தாண்டிய மாதத்தில்தான் தொட்டிக்கு அடியில் நான் குனிந்தது.

பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கூடத்துக்கு வந்தேன். 13 பேரும் இருந்தார்கள். அக்கா ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தைக் கூட்டி, துடைத்து, தண்ணீர் பிடித்து, டீ ஊற்றிக் கொடுத்து, டம்ளர் கழுவி வைப்பது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். “இது யாரைக் கேட்டு வாங்குனீங்க?” என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை 13 பேருக்கும் முன்னால் கேட்டேன்.

அக்கா துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டுத் திரும்பினார். “என் காசுலதான் தம்பி வாங்குனேன்” என்றார். அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டார். கூடத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஊரில் இல்லாத நாட்களில் 4 மணி டீ பேப்பர் கப்பில்தான் போயிருக்கிறது. எல்லோருக்கும் அது தெரியும். பலகையில் இருந்த எண்ணை நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

என்னைப் பிடித்துக்கொண்டது எண் பொய்யானது அல்ல. ‘என் காசுல’ என்ற சொல். அவருக்கு நாங்கள் கொடுக்கும் சம்பளத்தில், அந்தப் பாக்கெட்டுக்குப் போன 40 ரூபாய் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த 40 ரூபாயைக் கொடுத்து ஒருவர் என் நல்ல பழக்கத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறார் என்றால், அந்தப் பழக்கம் அவருக்கு எவ்வளவு சுமையாக இருந்திருக்க வேண்டும்? இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

மொட்டு வாய் திறக்கும் நேரம்

மறுநாள் அக்கா வழக்கம்போல 9 மணிக்கு வந்தார். கேட்டேன். “ஒண்ணுமில்ல தம்பி, விடுங்க” என்றார். எங்கள் சோதனைப் பிரிவில் இருக்கும் பெண்தான் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னார். அக்கா சாயங்காலம் பூக்கட்டுகிறார். வியாபாரி ஒருவர் மதியத்துக்கு மேல் தெருவுக்கே மல்லிகை மொட்டைக் கொண்டுவந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். கட்டி முடித்து 6 மணிக்குள் கொடுத்தால் கட்டுக்கூலி. மதுரையில் இருப்பவர்களுக்கு மல்லிகையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சாயங்காலம் ஆக ஆக மொட்டு தளர்ந்துவிடும். தளர்ந்த மொட்டைக் கட்டினால் சரம் நெருக்கமாக விழாது, இதழ் கசங்கும், வியாபாரி கூலியில் கழிப்பார். பிறகு அக்காவே சொன்னார்: “மொட்டு வாய் திறக்குறதுக்குள்ள வெரசா கட்டிப்புடணும் தம்பி. அஞ்சு மணிக்கு மேல போனா அரைக் கிலோ கட்டுற இடத்துல கால் கிலோதான் முடியுது.”

அவரை வேலைக்குச் சேர்த்தபோது பேசியது காலை 9 முதல் மாலை 4 வரை. பேப்பர் கப் இருந்த காலத்தில் 4 மணிக்கு டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எவர்சில்வர் வந்த நாளிலிருந்து, எல்லோரும் குடித்து முடித்து, டம்ளரைத் திரட்டி, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போகும்போது 5 ஆகிவிடும். நான் அப்படிச் சொல்லவில்லை. வேறு யாரும் சொல்லவில்லை. டம்ளர் வந்தது, அந்த ஒரு மணி நேரம் அவர் கையிலிருந்து தானாக எடுக்கப்பட்டுவிட்டது. அதுவும் எந்த ஒரு மணி நேரம் என்று பாருங்கள்.

எங்கள் தொழிலில் எல்லா வேலைக்கும் ஒரு அட்டை உண்டு. பணிப்பலகையில் யார் செய்கிறார், எத்தனை மணி நேரம் ஆகும், எது முடிந்தால் எது தொடங்கும் என்று எழுதாமல் ஒரு பட்டனின் நிறத்தைக்கூட மாற்றமாட்டோம். அரைமணி நேர வேலைக்கும் ஆள் பெயர் இருக்கும். 42 டம்ளருக்கு மட்டும் அட்டை இல்லை. தவிர்த்த கப்பை எண்ணிய நான் கழுவிய டம்ளரை எண்ணவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவை 4 மணிக்கே அனுப்பிவிட்டு நானே தொட்டி முன் நின்றேன். கட்டடக்காரர் தொட்டியை இடுப்புக்கும் கீழே வைத்திருக்கிறார். நிமிர்ந்து நின்றும் கழுவ முடியாது, உட்கார்ந்தும் கழுவ முடியாது. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கூடிய தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரிந்து டம்ளரிலேயே ஒட்டிக்கொள்ளும். பொடியைக் கூட்டினால் அலசத் தண்ணீர் கூடும். கழுவிக் கவிழ்த்த டம்ளர் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தெரிந்தது. அக்கா புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு தேய்ப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தப் படலம் புளிப்புக்குத்தான் கரையும். 14 டம்ளருக்கு எனக்கு 22 நிமிடம் ஆனது. மூன்று வேளைக்கும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல், தினமும். ராத்திரி விரல் இடுக்கு எரிந்தது. அக்காவின் விரலில் வெடிப்பு இருப்பதை நான் பார்த்ததுண்டு. அந்த விரலால்தான் நனைத்த வாழைநாரை இழுத்து முடிச்சுப் போட்டுப் பூக்கட்டுகிறார். நார் அந்த வெடிப்பில்தான் போய் அறுக்கும்.

பூக்கட்டும் வேலையில் பிளாஸ்டிக்கே கிடையாது. பூ, நார், இலை. அதை யாரும் பசுமை என்று பலகையில் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கதை. மெஸ் சாப்பாட்டுக்கு நான் பெருமையாகக் கொடுத்தனுப்பும் நான்கு அடுக்குக் கேரியரை ராத்திரி கழுவியது அம்மா. எண்ணெய் ஏறிய அடுக்கு, மூடியின் இடுக்கு, தூக்கின் கம்பி. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஏசியில் டிகிரியைக் கூட்டுவதும், ஹார்டு டிஸ்க்கை மாற்றுவதும், சைக்கிள் மிதிப்பதும் என்னோடு முடிகிற காரியங்கள். சைக்கிளில் வந்து வியர்த்தால் நான்தான் வியர்க்கிறேன். ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் எந்தப் பாத்திரத்துக்குப் பின்னாலும் ஒரு கழுவும் கை இருக்கிறது. அந்தக் கை என்னுடையதாக இருந்ததே இல்லை.

யாருடைய டம்ளர்

தீர்வு சுலபம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டி, அக்கா இனி 4 மணிக்குக் கிளம்பிவிடுவார், 4 மணி டம்ளரை அவரவர் கழுவி வைத்துவிட வேண்டும், ஒவ்வொரு டம்ளருக்கும் பெயர் ஒட்டிவிடுகிறேன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு தம்பி மட்டும் ஆட்டவில்லை. நன்றாக வேலை செய்கிறவர், அதிகம் பேசமாட்டார். கூட்டம் முடிந்து மொட்டைமாடிக்கு வந்தார்.

“அண்ணே, பேர் ஒட்ட வேணாம்ணே. அதுக்குப் பேசாம பேப்பர் கப்பே இருந்துட்டுப் போகட்டும்.” ஏன் என்றேன். சிறிது நேரம் யானைமலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க அப்பா டீக்கடையில அவருக்குன்னு தனியா வச்ச டம்ளர்லதான்ணே ரொம்ப நாள் குடிச்சாரு. குடிச்சிட்டு அவரே கழுவிக் கவுத்து வைக்கணும். பேப்பர் கப் வந்தப்புறம்தான் எல்லாருக்கும் ஒரே கப். இன்னைக்கும் எங்க போனாலும் அவர் பேப்பர் கப்தான் கேட்பாரு.”

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இரட்டைக் குவளை இருந்தது எனக்குத் தெரியாத செய்தியல்ல. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்த பிறகும் எத்தனையோ டீக்கடைகளில் அது தொடர்ந்ததும், அதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்ததும் இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நான் வாங்கிவந்த டம்ளருக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எவர்சில்வர் டம்ளரை நான் நம் பழைய நல்ல வழக்கம் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் அப்பாவுக்கு அந்தப் பழைய வழக்கம் வேறாக இருந்திருக்கிறது. நான் குப்பை என்று பார்த்த கப்பில் அவர் முதன்முறையாக மற்றவர்களோடு சமமாக நின்று டீ குடித்திருக்கிறார். ‘உன் டம்ளரை நீயே கழுவு’ என்று நான் நல்ல மனதோடு சொன்ன வாக்கியம் அவர் வீட்டில் எப்படி ஒலிக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு முழுக்க வேலை ஓடவில்லை.

பேப்பர் கப்புக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. வெள்ளக்கல் நாற்றம் பொய்யில்லையே. மூன்று நாள் அதையே பேசிக்கொண்டிருந்தோம், நானும் அந்தத் தம்பியும். கடைசியில் வழி சொன்னது அவர்தான். பெயர் ஒட்டக்கூடாது. எந்த டம்ளர் யாருடையது என்று தெரியவே கூடாது. ஒருநாள் ஒருவர், 14 டம்ளரையும் சேர்த்துக் கழுவ வேண்டும். முறை வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் எச்சிலைக் கழுவுவதுதான் விஷயம் அண்ணே, தன் எச்சிலைத் தான் கழுவுவதில் என்ன இருக்கிறது என்றார். பணிப்பலகையில் அட்டை போட்டோம். வேலை: டம்ளர். நேரம்: அரை மணி. முதல் பெயர் என்னுடையது.

தொட்டியை உயர்த்திக் கட்டினோம். மொட்டைமாடி மழைநீர்க் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து 500 லிட்டர் தொட்டியில் விட்டோம். ஐப்பசி மழையில் அது நிறைந்தபோது, அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைத்த நுரையைப் பார்த்து எல்லோரும் வந்து கையை விட்டுப் பார்த்தார்கள். மார்கழி கடைசியில் தீர்ந்துவிட்டது, மறுபடி உப்புத் தண்ணீரும் புளியும்தான். பலகையில் இருந்த எண்ணை அழித்துவிட்டேன். அக்காவிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன், கேள்வியை எல்லோர் முன்னிலையிலும்தானே கேட்டேன். “அட, அத இன்னும் நெனச்சுக்கிட்டா இருக்கீங்க” என்றார். அந்த 40 ரூபாயை வாங்கிக்கொள்ளவில்லை. கைக்கு ரப்பர் உறை வாங்கிக் கொடுத்தேன். டம்ளர் வழுக்குகிறது என்று போடமாட்டேன் என்கிறார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு பேர் தங்கள் முறை வரும் நாளில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று செய்தி அனுப்புகிறார்கள். தற்செயலாக இருக்கலாம் என்று முதல் மாதம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர்களிடம் பேச வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வேலையில் குறை சொன்னால் ஏற்றுக்கொள்கிறவர்கள் இதில் முகம் சுருங்கிவிடுகிறார்கள். பெரிய வெளியீடு இருந்த ஒரு ராத்திரி, 2 மணிக்கு டீ வந்தபோது யாரோ பேப்பர் கப் வாங்கிவந்தார்கள். நானும் அதில் குடித்தேன்.

போன திங்கட்கிழமை என் முறை. 14 டம்ளரையும் புளி போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் அலசி, துணியில் துடைத்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போனேன். செவ்வாய் காலை நான் வரும்போது அக்கா அடுக்கின் முன் நின்று, ஒவ்வொரு டம்ளராக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

“விளிம்பு மடிப்புக்குள்ள சோப்பு நிக்குது தம்பி” என்றார். குழாயைத் திறந்து, கட்டைவிரலை மடிப்புக்குள் கொடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, எப்படி என்று எனக்குக் காட்டினார்.